புள்ளி வைத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை பதிலளிக்கிறார். இந்த இதழில்: எண்களும் படங்களும்.)

கேள்வி: அட்டவணையில் எல்லா எண்களும் துல்லியமாக இருக்கின்றன. சராசரி வேண்டுமா, கணக்குப் போட்டால் வந்துவிடும். அப்புறம் கிராஃப் எதற்கு மேடம்? படிக்கச் சோம்பல்படுபவர்களுக்கான சலுகைதானே அது?

இப்படிச் சொல்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கணக்கு துல்லியம், படம் கரடுமுரடு என்ற நினைப்பு புள்ளியியல் படித்தவர்களிடமே வேரூன்றிக் கிடந்தது. அதை உடைப்பதற்காகவே 1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய அட்டவணைகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் முதல் எண்ணின் சராசரி 9, இரண்டாம் எண்ணின் சராசரி 7.5. ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு எண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, நான்கிலும் 0.82-ஐ ஒட்டியே வரும். பொருத்திப் பார்க்கும் நேர்கோடும் ஒன்றேதான்: முதல் எண்ணில் பாதியோடு 3-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்கை மட்டும் பார்ப்பவர், நான்கும் ஒரே சங்கதி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

கிராஃப் தாளில் புள்ளி வைத்தால் கதை மாறிவிடும். முதல் அட்டவணையில் புள்ளிகள் கோட்டின் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சம் சிதறி ஏறுகின்றன. பாடப்புத்தகத்தில் வருவது போல. இரண்டாவது, கவிழ்ந்த வளைவு. அதற்கு நேர்கோடு போட்டதே தப்பு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் நிற்க, ஒன்று மட்டும் மேலே எகிறி, கோட்டையே தன் பக்கம் இழுத்திருக்கிறது. நான்காவதுதான் வேடிக்கை. பத்துப் புள்ளிகள் 8-க்கு நேர்மேலே செங்குத்தாக அடுக்கியிருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்று தொலைவில் 19-ல் தனியாக நிற்கிறது. அந்த ஒற்றைப் புள்ளியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், கோடு என்று ஒன்று போடவே வழியில்லை.

வகுப்பில் இந்த நான்கையும் கணினியில் வரைய விடமாட்டேன். பென்சிலால்தான். மூன்றாவது அட்டவணையில் அந்த எகிறிய புள்ளியை வைக்கும்போது, "தப்பா வச்சுட்டேனா மேடம்?" என்று யாராவது கட்டாயம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அட்டவணையில் அதே எண்ணை அவர்கள் படித்துத்தான் இருந்தார்கள். அப்போது ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

கேள்வி: படமாகப் பார்த்தால் சட்டென்று புரிகிறது என்கிறோம். மூளைக்கு அதில் என்ன வசதி? (கல்லூரி மாணவி)

ஓர் ஆட்டம் ஆடிப் பாரும்மா. 1 முதல் 9 வரை எண்கள். இரண்டு பேர் மாறி மாறி ஆளுக்கொரு எண் எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தது மற்றவருக்குக் கிடையாது. கையிலிருப்பதில் ஏதாவது மூன்று எண்கள் சேர்ந்து சரியாக 15 வந்துவிட்டால் வெற்றி. இப்போது உன் கையில் 8, 2. எதிராளியிடம் 5, 3. உன் முறை. எதை எடுப்பாய்?

யோசிக்கத் தொடங்கியதுமே தலைக்குள் நெரிசல். எனக்கு 10 ஆயிற்று, 5 வேண்டும், அது போய்விட்டது. அவருக்கு 8 ஆயிற்று, அப்படியானால்... இதற்குள் முதலில் எதைக் கூட்டினோம் என்பது மறந்துவிடும்.

இனி இந்த ஒன்பது எண்களையும் மூன்று வரிசையாக எழுது. மேல் வரிசை 2, 7, 6. நடுவில் 9, 5, 1. கீழே 4, 3, 8. எந்த வரிசையைக் கூட்டினாலும் 15. மேலிருந்து கீழாகவும், மூலைக்கு மூலையாகவும் 15. அதாவது, நாம் ஆடிக்கொண்டிருந்தது சின்ன வயதில் எக்ஸ், ஓ போட்டு விளையாடிய அதே ஆட்டம்! உன் எண்களுக்கு எக்ஸ், அவருடையதற்கு ஓ போட்டுக்கொள். நடு வரிசையில் மேலிருந்து கீழாக அவர் இரண்டு ஓ போட்டுவிட்டார். மேலே 7 காலியாக இருக்கிறது. ஓடிப்போய் அடைத்துவிடுவாய். அடைத்ததுமே மேல் வரிசையில் உனக்கு 2, 7 என்று இரண்டு எக்ஸ். இப்போது 6-ஐ அடைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு.

விதிகள் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, உன் புத்திசாலித்தனமும் பத்து நிமிடத்தில் கூடிவிடவில்லை. நினைவில் தாங்கிக்கொண்டிருந்த பாரத்தைத் தாளில் இறக்கி வைத்தாய். கூட்டிக் கூட்டிப் பார்த்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. ஜில் லார்கின், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1987-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். வாக்கியங்களிலும் படத்திலும் இருக்கும் தகவல் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால், சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றைப் படம் அருகருகே வைத்துவிடுவதால் தேடும் வேலை குறைகிறது. அப்படி அருகருகே வைக்காத படத்தால் இந்த வசதி கிடைக்காது என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்.

கேள்வி: ஒரு மருத்துவர் வரைபடத்தில் புள்ளி வைத்தே காலராவுக்குக் காரணம் கண்டுபிடித்தார் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று 1849-லேயே எழுதிவிட்டார். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலம் அது. காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. 1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோ பகுதியில் கொத்துக் கொத்தாகச் சாவு. ஸ்னோ வீடு வீடாக விசாரித்து பிராட் தெருவின் அடிபம்பைச் சந்தேகித்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது. நாம் இன்று புத்தகங்களில் பார்க்கும் வரைபடம் அதற்குப் பிறகு, 1855-ல் அச்சானது. ஆகவே, படத்தைப் பார்த்ததும் பொறி தட்டிக் கைப்பிடியைப் பிடுங்கினார் என்பது மேடைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

படம் அப்படியானால் என்னதான் செய்தது? ஒவ்வொரு சாவுக்கும் அந்த வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கோடு போட்டு அடுக்கினார் ஸ்னோ. பம்பைச் சுற்றிக் கோடுகள் மண்டிக் கிடப்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது வெறுமையாகக் கிடக்கும் இடங்களை. பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு மதுவடிப்பாலை. அங்கே வேலை செய்தவர்கள் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீர் குடித்தார்கள். ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. சற்றுத் தள்ளி ஓர் ஏழையர் விடுதி: 535 பேர் இருந்த இடத்தில் 5 சாவு. அங்கேயும் சொந்தக் கிணறு. காற்றுதான் காரணம் என்றால், அது இந்த இரண்டு கட்டடங்களை மட்டும் எப்படி விட்டுவைத்தது? கறுத்துக் கிடக்கும் இடத்தைவிட அந்த வெள்ளை இடம்தான் எதிர்த்தரப்பின் வாயை அடைக்கிறது.

பிறகு வெளியான இன்னொரு வடிவத்தில் ஸ்னோ ஒரு புள்ளிக்கோடும் சேர்த்தார். பிராட் தெருப் பம்புக்கும் சுற்றியுள்ள மற்றப் பம்புகளுக்கும் நடந்துபோக ஒரே தூரமாகும் இடங்களை இணைக்கும் கோடு. பறவை பறக்கும் தூரமாக அளக்காமல், தெருவில் நடக்கும் தூரமாக அளந்தார். தண்ணீர்க் குடத்தோடு நடப்பவர் எந்தப் பம்புக்குப் போவார் என்பதுதானே கேள்வி! அந்தக் கோட்டைப் போட அவர் எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கேள்வி: பை சார்ட் போடலாமா, கூடாதா?

இரண்டு துண்டு, மூன்று துண்டு என்றால் போடுங்கள். ஏழெட்டுத் துண்டு என்றால் வேண்டாம். 23 சதவீதத் துண்டையும் 27 சதவீதத் துண்டையும் எழுத்தில்லாமல் வைத்தால் எது பெரிது என்று திணறிப்போவோம். அவற்றையே ஒரே தரையில் நிற்கும் இரண்டு பட்டைகளாக வரைந்தால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பொது அளவுகோலில் நிற்பதைக் கண் நன்றாக ஒப்பிடும். கோணத்திலும் பரப்பிலும் தடுமாறும். கிளீவ்லண்ட், மெக்கில் இருவரும் 1984-ல் இதைச் சோதித்தே காட்டினார்கள். பை சார்ட்டை 1801-ல் அச்சில் கொண்டுவந்த வில்லியம் பிளேஃபேர்தான், 1786-லேயே பார் சார்ட்டையும் போட்டவர். அதுவும் எப்படி? ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கு மட்டுமே கையில் இருந்தது. காலப்போக்கைக் காட்டும் கோடு வரைய வழியில்லாமல் பட்டை வரைந்தார்.

முப்பரிமாணத்தில் சாய்த்து வைத்த பை சார்ட்டைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறது.

கேள்வி: கிராஃப் பொய் சொல்லுமா?

வரைபவர் சொல்லச் சொன்னால் சொல்லும். 96, 98 என்ற இரண்டு எண்களுக்குப் பட்டை வரைந்து, அடியை 95-ல் வெட்டிவிட்டால் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு உயரமாகிவிடும். பட்டை என்றால் பூஜ்யத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும், ஏனென்றால் கண் அதன் முழு நீளத்தை அளக்கிறது. அதற்காக எல்லாப் படத்தையும் பூஜ்யத்தில் தொடங்கு என்று அடம்பிடிப்பதும் தவறு. காய்ச்சல்காரரின் வெப்பநிலை 37-லிருந்து 40 டிகிரிக்கு ஏறியதைப் பூஜ்யத்திலிருந்து கோடாக வரைந்தால் அது சின்ன மேடாகத்தான் தெரியும். மருத்துவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டு மடங்கு என்பதற்குப் பொம்மையை இரண்டு மடங்கு உயரமாக்குவது இன்னொரு வேலை. அகலமும் கூடவே வளர்வதால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். வியன்னாவில் 1920-களில் ஓட்டோ நியூரத் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்: பொம்மையைப் பெரிதாக்காதே, அதே அளவில் இன்னொன்று போடு.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் யாராவது கிராஃப் காட்டினால் எல்லாரும் தலையாட்டுகிறோம். என்ன கேட்பது என்றே தெரிவதில்லை. ஒரே ஒரு கேள்வி சொல்லிக் கொடுங்கள்.

"இதில் எதைப் போடவில்லை?"

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவலாமா என்று தொலைபேசி வழியே கூட்டம். கடுங்குளிர். உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் குளிரில் வேலை செய்யாமல் போகலாம் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள், ஏவ வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஆனால், குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பேசும்போது, வளையங்கள் சேதமான பயணங்கள் மட்டுமே கணக்கில் வந்தன. அவை ஏழு. அவற்றை மட்டும் பார்த்தால் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம், 75 டிகிரியிலும் சேதம். குளிரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் குழு, தன் அறிக்கையில் இரண்டு படங்களைப் போட்டது. ஒன்றில் அந்த ஏழு மட்டும். இன்னொன்றில் சேதமே இல்லாத பயணங்களும். இரண்டாவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63-ம் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும், நான்கிலுமே, சேதம். சேலஞ்சர் கிளம்பிய நேரத்தில் காற்றின் வெப்பநிலை 36. அவ்வளவு குளிரில் அதுவரை ஒரு விண்ணோடமும் கிளம்பியதில்லை. 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறியது. ஏழு உயிர்கள் போயின.

ஒன்றும் ஆகாத பயணத்தில் சொல்ல என்ன இருக்கிறது என்று நமக்கும் தோன்றும். உங்கள் கூட்டத்திலும் புகார் செய்த வாடிக்கையாளர்கள் படத்தில் இருப்பார்கள். புகாரே செய்யாதவர்கள் இருக்கமாட்டார்கள். கேளுங்கள். முதல் தடவை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. கணினி படித்துச் சொல்ல, உங்கள் பகுதியைக் கேட்டு வருகிறேன். இந்த வசதியெல்லாம் என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாதா?

உண்டு ஐயா. படத்தின் பலத்தில் பெரும்பகுதி, எது எதற்கு அருகில், எது எதைவிட உயரம் என்ற இட அமைப்பில் இருக்கிறது. அதை விரலும் அறியும். மேடிட்ட கோடுகளும் புள்ளிகளுமாக அச்சிட்ட தொட்டுணர் வரைபடங்கள் இருக்கின்றன. முதல் பதிலில் சொன்ன அந்தத் தனித்து நிற்கும் புள்ளி விரலில் தட்டுப்படும்.

காதுக்கும் வழி இருக்கிறது. எண் ஏற ஏறச் சுருதி ஏறும்படி ஒலியாக மாற்றினால் கோடு ஏறுவதும் சட்டென்று சரிவதும் கேட்கும். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியின் 'டிக், டிக்' சத்தம் இதற்குப் பழைய உதாரணம். டிக் நெருக்கமானால் கதிர்வீச்சு கூடுகிறது என்று பொருள். அதற்கு முள்ளைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்று மட்டும் ஒலியில் சிரமம்: முன்னே கேட்டதையும் இப்போது கேட்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, நினைவில் ஏந்த வேண்டியிருக்கிறது. அதனால் உங்களுக்கு இரண்டும் கிடைக்குமானால் தொட்டுணரும் தாளையே முதலில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிராஃப் வரைய எந்த மென்பொருள் நல்லது?

பென்சில். முதல் படம் உங்களுக்காக. அசிங்கமாக இருக்கலாம், அழிக்கலாம், திரும்ப வரையலாம். பிறருக்குக் காட்டும் படத்தை எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அச்சுகளில் அலகை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். வெறும் 10, 20, 30 என்று போட்டுக்கொண்டு வந்த விடைத்தாள்களுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்ததற்கு இன்னமும் பழைய மாணவர்கள் போனில் சண்டைக்கு வருகிறார்கள்.