தாலி புத்துஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணே,

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஷிப்டு வேலை. அப்பா விட்டுப்போன பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிளில் தினமும் பினாங்குப் பாலம் தாண்டிப் போய்வருகிறேன். இரண்டு மாதமாகக் கிளட்ச் பிடி கனக்கிறது. இந்த மாதம் மட்டும் மூன்று தடவை, கேபிளின் தொய்வை இறுக்கும் அட்ஜஸ்டரைத் திருகிவிட்டேன். கடையில் கேபிளை மாற்றச் சொல்கிறார்கள். மாமாவோ, "ஓடுகிற சாமானை எதற்குக் கழற்றணும், அறுந்தால் பார்த்துக்கலாம்" என்கிறார். உங்களுக்கு ஒருமுறை ரோட்டில் அறுந்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். பாலத்து நடுவில் எனக்கு அப்படி ஆனால் என்ன கதி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

மாற்றிவிடுங்கள், இந்த வாரமே. மாமா சொல்வது பல்புக்குச் சரி. பல்பு போனால் இருட்டுதான், வேறொன்றுமில்லை.

மலாய்க்காரர் கடைகளில் கிளட்ச் கேபிளைத் 'தாலி கிளட்ச்' என்பார்கள். மலாயில் அது வெறும் கயிறு. என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் "தாலி புத்துஸ்", அதாவது கயிறு அறுந்துவிட்டது, என்று சொன்னதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் திருஷ்டி சுற்றிப்போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

நடந்தது இதுதான். டத்தோ கெராமட் சாலையில் சிவப்பு விளக்கு. முதல் கியரில் போட்டு, இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்து வைக்கும் கிளட்சைப் பிடித்தபடி நிற்கிறேன். எல்லாரும் அப்படித்தானே நிற்கிறோம்? விரலுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் வண்டி என்னைக் கேட்காமல் முன்னால் பாய்ந்தது. முன்னால் நின்ற வேனின் பம்பரில் முட்டி, இன்ஜின் அணைந்து நின்றது. வேனுக்குப் பதிலாக யாராவது குறுக்கே நடந்துகொண்டிருந்தால் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். நடுவழியில் நின்றுபோவதைவிட எனக்கு இந்தப் பாய்ச்சல்தான் பயம்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய மூன்று வாரமும் நான் உங்களைப் போலவே அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தேன். கேபிள் என்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய கயிறு. பிடிக்குள் மாட்டும் முனையில் உருளை மாதிரி ஒரு சின்ன உலோகத் தலை இருக்கும். பிடியை அழுத்தும்போதெல்லாம் அந்தத் தலை தன் குழிக்குள் கொஞ்சம் திரும்ப வேண்டும். பினாங்கு மழையிலும் கடற்காற்றிலும் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால் அது திரும்பாது. அப்போது அதன் பக்கத்தில் கயிறே வளைய வேண்டிவரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். ஓர் இழை போகும், மற்றவை அந்தப் பாரத்தையும் சுமந்து நீளும், பிடி தொளதொளவென்று ஆகும். நாம் அட்ஜஸ்டரைத் திருகுவோம். பிடி மறுபடி சரியாக இருக்கும். சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம், உள்ளே அடுத்த இழை போய்க்கொண்டிருக்கும். புதுக் கேபிள் முதலில் லேசாக இளகுவது சகஜம். பழைய கேபிளை ஒரு மாதத்தில் மூன்று தடவை திருகுகிறீர்கள் என்றால் அது அறுந்துகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் பிடியை அழுத்திக்கொண்டு அந்தத் தலைப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பூனை மீசை மாதிரி ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான்.

பாலத்தில் அறுந்தால் உண்மையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 13.5 கிலோமீட்டரில் ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது. ஓடுகிற வண்டிக்குக் கிளட்ச் அவ்வளவு அவசியமும் இல்லை. திராட்டிலை ஒரு கணம் விட்டுக் காலால் தட்டினால் மேல் கியர் விழும். சீராக ஓட்டி இறங்கி, வேகம் குறைந்ததும் நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள். நியூட்ரல் விழவில்லையா, இன்ஜினை அணைத்துவிடுங்கள். அங்கிருந்து தள்ளிக்கொண்டு போங்கள். வண்டியைக் காலால் உருட்டி முதல் கியரில் தட்டிக் கிளப்பும் வித்தை உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஷிப்டு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வரும் பாயான் லெப்பாஸ் சந்திப்புகளில் அது வேண்டாம்.

கேபிள் விலை மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாசி கண்டார் சாப்பாடு. 2019 முதல் மோட்டார்சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் இல்லை, அந்தக் காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். அப்பா ஹேண்டிலை மாற்றியிருந்தால் கம்பெனி அளவு பொருந்தாமல் போகலாம். கழற்றுவதற்கு முன் எந்த வழியாகப் போகிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழையதன் முனையில் நூல் கட்டி உருவி, அந்த நூலோடு புதியதை உள்ளே இழுக்கலாம். தலைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருக்கட்டும். அதுவும் இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும், அந்தச் செலவு பெரிது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, அந்த ஆட்டம் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய கேபிளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தத் தலைப்பக்கத்தை மாமா முன்னால் பிரித்து, எத்தனை இழை மிச்சமிருந்தது என்று எண்ணி எனக்கும் எழுதுங்கள்.