சரக்குக் கப்பல் மேட், பாய்மரக் கப்பலில் அதிகாரி ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு 27 வயது, சொந்த ஊர் தூத்துக்குடி. செகண்ட் மேட் (கப்பல் அதிகாரி) சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் தேர்ட் மேட்டாக இரண்டு கான்ட்ராக்ட் முடித்துவிட்டேன். தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது கேப்டனாக இருந்தவர், இப்போது 84 வயது. பழைய முறைப் பாய்மரக் கப்பலில் அதிகாரியாகப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. என் சர்டிபிகேட் செல்லுமா? அங்கே வேலை எப்படி இருக்கும்? இப்போதே போகலாமா?

பதில்: தம்பி, கண்டிப்பாகப் போகலாம். ஆனால் இப்போதே வேண்டாம். போகும்போதும் நேராக அதிகாரியாகப் போக வேண்டாம்.

முதலில் காகித வேலையைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் உள்ள பெரிய பாய்மரப் பயிற்சிக் கப்பல்களான தரங்கிணி, சுதர்ஷினி இரண்டும் கடற்படையுடையவை. கோவாவில் கட்டி, 1997இலும் 2012இலும் சேவையில் சேர்த்தவை. வணிகக் கப்பல் அதிகாரிக்கு அங்கே இடம் கிடையாது. ஆகவே உங்களுக்கு வெளிநாட்டுக் கொடி, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல்தான் வழி. நெதர்லாந்தின் யூரோப்பா, நார்வேயின் ஸ்டாட்ஸ்ராட் லெம்குல், சோர்லாண்டெட், கனடாவின் லூனன்பர்க்கிலிருந்து கிளம்பும் பிக்டன் காசில் போன்ற கப்பல்கள் பொதுமக்களையும் பயிற்சியாளர்களாக ஏற்றிக்கொண்டு பெருங்கடல் தாண்டுகின்றன. உங்கள் சர்டிபிகேட்டை அந்தக் கொடி நாடு ஏற்று எண்டார்ஸ்மென்ட் (ஒப்புதல் சான்று) தர வேண்டும். பனாமா கொடிக் கப்பலில் ஏறும்போதும் இதே நடைமுறைதான். சில நாடுகள் பாய்க்கென்று தனித் தகுதியும் கேட்கும். நெதர்லாந்தில் என்க்ஹவுசன் ஊரில் பாய்க்கப்பல் அதிகாரிகளுக்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது.

இப்போதே வேண்டாம் என்றதற்குக் காரணம் டன் கணக்கு. இந்தக் கப்பல்களில் பல சிறியவை. யூரோப்பா 303 டன்தான். அடுத்த படியான ஃபர்ஸ்ட் மேட் தேர்வுக்கு 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் வாட்ச் (கப்பலை ஓட்டும் காவல் முறை) நின்ற நாட்கள் வேண்டும். ஆசைப்பட்டு இரண்டு வருடம் சிறிய கப்பலில் ஓடிவிட்டுத் திரும்பி வந்தால், அந்த நாட்கள் கணக்கில் சேராமல் போகும். அதனால் ஃபர்ஸ்ட் மேட்டை முடித்துவிடுங்கள். பாய்க்கப்பலில் சம்பளமும் சரக்குக் கப்பலைவிட நன்றாகவே குறையும். வீட்டுக்கடன் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி நேராக அதிகாரியாக ஏன் போகக் கூடாது என்று சொல்கிறேன். நீங்கள் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) செய்யும் வேலையில் பாதி அங்கேயும் உண்டு. சார்ட், ரேடார், மோதல் தவிர்ப்பு விதிகள், நான்கு மணி நேர வாட்ச், எட்டு மணி நேர ஓய்வு எல்லாம் அப்படியேதான். மீதிப் பாதிதான் வேறு. உங்கள் பல்க் கேரியரில் இன்ஜின் கீழே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள இன்ஜினியர் இருக்கிறார். பாய்க்கப்பலில் பாய்தான் இன்ஜின், அது தலைக்கு மேலே இருக்கிறது, அதை ஓட்டுபவரும் நீங்களே. பருமலை (பாய் தொங்கும் குறுக்குக் கட்டையை) திருப்ப, பாயை ஏற்ற, சுருட்ட என்று நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் தளத்தில் வந்து இறங்கும். நடு இரவில் டார்ச் இல்லாமல் சரியான கயிற்றைக் கை தேடிப் பிடிக்க வேண்டும்.

சதுரப் பாய்க் கப்பலால் காற்றுக்கு 60, 65 டிகிரிக்கு மேல் நெருங்கிப் போக முடியாது. காற்றை எதிர்த்துப் பக்கம் மாற வேண்டுமென்றால் முன்மரப் பாய்கள் பின்பக்கமாகக் காற்று வாங்கி அணியத்தை (கப்பலின் முன்பக்கத்தை) தள்ள வேண்டும், அதே சமயம் நடுமரப் பருமல்களைச் சுழற்ற வேண்டும். அரை நிமிடம் முன்பின் ஆனால் கப்பல் காற்றுக்கு நேரே நின்று, பின்னால் நகரத் தொடங்கிவிடும். இந்தக் கட்டளையைச் சரியான நேரத்தில் கொடுக்க, அந்தக் கயிற்றை நீங்களே பலமுறை இழுத்திருக்க வேண்டும்.

அதிகாரியின் முக்கியமான வேலை பாயைக் குறைப்பது. காற்றின் வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்பதிலிருந்து 30 ஆனால் பாயின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. சரக்குக் கப்பலில் மழைமேகம் வந்தால் ரேடாரைச் சரிசெய்துகொண்டு, தேவைப்பட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவோம். இங்கே அந்த மேகம் வருவதற்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். மேலே ஏறிப் பாயைச் சுருட்ட ஆட்களுக்கு நேரம் ஆகும்.

நான் பாய்க்கப்பலில் முதன்முதலாகத் தனியாக நின்றது நள்ளிரவு வாட்ச். தூரத்தில் ஒரு கறுப்பு மேகம். பயிற்சிப் பிள்ளைகள் களைத்துப் போயிருந்தார்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று உச்சிப் பாய்களை விட்டுவைத்தேன். போசன் (தள ஆட்களின் தலைவர்) பக்கத்தில் வந்து நின்று, "இதைச் சுருட்ட இருபது நிமிடம் ஆகும், அந்த மேகத்துக்கு எத்தனை நிமிடம்?" என்று மட்டும் கேட்டார். உடனே ஆட்களை எழுப்பினேன். கடைசிப் பையன் இறங்கி வரும்போது மழை அடித்தது. அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கன்கார்டியா சாட்சி. கனடாவிலிருந்து நடத்தப்பட்ட மாணவர் பயிற்சிக் கப்பல் அது. 2010 பிப்ரவரி 17 அன்று பிரேசில் கரையிலிருந்து வெகுதூரத்தில், திடீர்க் காற்றில் சாய்ந்து கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 64 பேரும் லைஃப் ராஃப்டில் ஒன்றரை நாளுக்கு மேல் தவித்தார்கள். கடைசியில் அத்தனை பேரையும் உயிரோடு மீட்டவை உங்களைப் போன்றவர்கள் ஓட்டும் வணிகக் கப்பல்கள். வாட்ச்சில் இருந்த அதிகாரி பாயை நேரத்தோடு குறைக்கவில்லை, ஆபத்தின் அளவு அவருக்குப் புரியவில்லை என்றது கனடாவின் விசாரணை அறிக்கை. இப்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், இதற்கு மேல் எவ்வளவு காற்று அடித்தால் கதவு, காற்றுவழி வழியாகத் தண்ணீர் உள்ளே வரும் என்று காட்டும் வரைபடம் கப்பலிலேயே இருந்தது. அதைப் படிக்க அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் நாளே அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மனதில் பதியும்வரை படியுங்கள். காற்று ஏறும் என்று தெரிந்தால் தளத்துக் கதவுகளை மூடச் சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொரு விஷயம், ஆட்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் தடவை கடலுக்கு வந்திருப்பார்கள். பதினேழு வயதுப் பெண் இருப்பாள், ஓய்வுபெற்ற வாத்தியார் இருப்பார். அவர்களைப் பாய்மரத்தில் ஏற்றுவதும், காற்று வரும் பக்கமாகவே ஏற வைப்பதும், பருமலில் கால் வைக்குமுன் பெல்ட்டை மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. பயந்தவரை வற்புறுத்தி ஏற்றக் கூடாது. 2010 நவம்பரில் ஜெர்மன் கடற்படையின் கோர்ச் ஃபோக் கப்பலில் ஒரு பயிற்சி அதிகாரி மரத்திலிருந்து விழுந்து இறந்தார். எனக்கு இந்த வேலையில் பிடித்ததும் இதே பகுதிதான். முதல் வாரம் வாந்தியெடுத்துக்கொண்டு மூலையில் கிடந்த பிள்ளை, மூன்றாம் வாரம் சுக்கானைப் பிடித்துக் கப்பலைக் கோணாமல் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி கேபின் சின்னது, குளிக்கும் தண்ணீர் அளவோடு, சாப்பாடு கூட்டத்தோடு. துரு சுரண்டுவது, தார் பூசுவது, பாய் தைப்பது என்று பராமரிப்பு முடியவே முடியாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஃபர்ஸ்ட் மேட் படிப்புக்கு முன்போ பின்போ, இரண்டு கான்ட்ராக்டுக்கு நடுவில் கிடைக்கும் லீவில் ஒரு பயணம் மட்டும் பயிற்சியாளராகவோ டெக்ஹேண்டாகவோ (தளத் தொழிலாளியாகவோ) போய் வாருங்கள். சில கப்பல்களில் அதற்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. உங்களிடம் சர்டிபிகேட் இருப்பதை அங்கே பெரிதாகக் காட்டாதீர்கள். போசன் சொல்லும் வேலையைச் செய்யுங்கள். ஸ்ப்ளைஸ் போடவும் (கயிற்றின் புரிகளைப் பின்னி இணைப்பது) கயிறு கட்டவும் இப்போதே கப்பலில் பழகலாம்.

அப்புறம், அடுத்த லீவில் தாத்தாவோடு உட்காருங்கள். ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு) எது, தாமான் (பாயின் கீழ் முனையை இழுத்துக் கட்டும் கயிறு) எது என்று அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போகும் வழியில் எந்த மாதிரி மேகத்தைப் பார்த்தால் பாயை இறக்கச் சொல்வார், எவ்வளவு முன்னால் சொல்வார் என்று கேளுங்கள்.