கேக் நடுவில் குழி விழுந்தால் யார் பொறுப்பு?

பண்டிகைக் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் ஓவன் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் புகார்களெல்லாம் பின்னால் போய், “எதை வாங்கலாம்?”, “ஏன் உப்பவில்லை?” என்று கேட்பவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: வீட்டில் ஆறு பேர். சாதாரண மைக்ரோவேவ் ஒன்று இருக்கிறது. அதில் செய்த கேக் வெள்ளைவெளேரென்று ரப்பர் மாதிரி வந்தது. பண்டிகைக்குள் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும். ஓடிஜியா, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவா? கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுகிறார்.

பதில்: ரப்பர் கேக்குக்கு உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாதீர்கள். மைக்ரோவேவ் முக்கியமாக மாவில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது. தண்ணீர் வற்றாதவரை சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மேல்தோல் சிவந்து, வீடு முழுக்க மணக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 140 டிகிரியாவது வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வினையை 1912இல் விவரித்தவர் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். ரொட்டியின் மேல்தோல், பிஸ்கட்டின் ஓரம், வாணலியில் சிவக்கும் வெங்காயம் எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் சொல்லப்படுகிறது.

இனி உங்கள் கேள்வி. ஓடிஜி என்பது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த பெட்டி. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்பது விசிறியால் சூடான காற்றையும் சுழலவிடும் மைக்ரோவேவ். பண்டிகை முடிந்த மறுவாரம் இந்தப் பெட்டியில் என்ன செய்வீர்கள்? மிச்சத்தைச் சூடு பண்ணுவதுதான் முக்கிய வேலை, கேக் எப்போதாவது என்றால் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் போதும். ஆனால் உங்களிடம்தான் மைக்ரோவேவ் ஏற்கெனவே இருக்கிறதே! நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓடிஜிதான் வாங்குவேன். மேலும் கீழும் தனித்தனிக் கம்பிகள், உலோக டின்னைத் தயங்காமல் வைக்கலாம், ரொட்டிக்கு வேண்டிய 220, 230 டிகிரியையும் பெரும்பாலானவை எட்டும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்களில் பல 200 டிகிரியோடு நின்றுவிடும். உள்ளே சுழலும் தட்டு, டின்னின் அளவையும் கட்டிப்போடும்.

அளவைப் பொறுத்தவரை லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். உங்களிடம் உள்ள பெரிய கேக் டின்னைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். உள்ளே வைத்துப் பாருங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், கேக் எழும்பினால் மேல் கம்பியைத் தொடக்கூடாது. கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். அப்படியே எத்தனை வாட் என்று கேட்டு, வீட்டில் அதைத் தாங்கும் பிளக் இருக்கிறதா என்று யோசியுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டும் பொருள் இல்லை இது. வாரண்டியில் ஹீட்டிங் கம்பியும் சேர்த்தியா என்று பில்லோடு எழுதி வாங்குங்கள். “இலவசம்” என்று சேர்த்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் சாமான்களுக்காக மாடலை மாற்றாதீர்கள்.

முடிந்தால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். முதல் நாள் காலியாக, அதிகபட்சச் சூட்டில் ஒரு இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். கம்பியில் பூசிய எண்ணெய் எரிந்து நாற்றமும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புதுப் பொருள் பழுதோ என்று அன்றைக்கே கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய ஓவன். 180 டிகிரி, 40 நிமிடம் என்று குறிப்பில் இருந்தால் அப்படியே வைக்கிறேன். கேக் அழகாக எழும்புகிறது, வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் நடுவில் குழி. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் குழியைக் காட்டிக் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிகிரியைக் காட்டிக் கேளுங்கள்.

என் வீட்டு ஓவனின் முள் 180இல் நிற்கும்போது உள்ளே 155தான் இருந்தது. இது தெரியாமல் இரண்டு வருடம் முட்டையைக் குறை சொன்னேன், மாவைக் குறை சொன்னேன், ஒரு முறை மழையைக்கூடக் குறை சொன்னேன். கடைசியில் ஓவனுக்குள் தொங்கவிடும் ஒரு சின்ன தெர்மாமீட்டர்தான் வழக்கைத் தீர்த்தது. பேக்கிங்குக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். நடுத்தட்டில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் கழித்து, ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை பாருங்கள். சூடு ஏறி இறங்குவது சகஜம், கம்பி அணைந்து அணைந்துதான் எரியும். அந்த ஏற்ற இறக்கத்தின் நடு எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. இருபது இருபத்தைந்து டிகிரி தள்ளி நின்றால், முள்ளும் தெர்மாமீட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்து, தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு மேல் “நல்லாத்தான் இருக்கு” என்று எழுத அவர்களுக்குக் கை வராது.

தெர்மாமீட்டர் வரும்வரை பொறுக்க முடியாதா? சர்க்கரை இருக்கிறதே. அது உருகுவது 186 டிகிரி வாக்கில். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, முள்ளை 180இல் வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் விடுங்கள். உருகக்கூடாது. வேறொரு ஸ்பூனை 190இல் வையுங்கள். உருக வேண்டும். முதலாவது உருகினால் ஓவன் கூடுதலாகக் காய்கிறது, இரண்டாவதும் உருகாமல் மணலாகவே இருந்தால் குறைவாகக் காய்கிறது.

ஓவன் நிரபராதி என்று தெரிந்தால் அடுத்த சந்தேகம் நம் மேல்தான். பாதி நேரம் ஆவதற்குள் கதவைத் திறந்து பார்ப்பது, இன்னும் நன்றாக உப்பட்டுமே என்று பேக்கிங் பவுடரை அரை ஸ்பூன் கூட்டிப் போடுவது, நடுவில் குச்சியால் குத்திப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் நம்பி எடுப்பது, மூன்றுமே குழியில் கொண்டுபோய் விடும். பவுடர் கூடினால் கேக் வேகமாக எழும்பும், உள்ளே வெந்து கெட்டிப்படுவதற்குள் காற்று வெளியேறி உட்கார்ந்துவிடும். பவுடர் பழசாகிப் போயிருந்தால் கதை வேறு: குழி விழாது, எழும்பவே எழும்பாது. கண்ணாடித் தம்ளரில் சூடான தண்ணீர் பாதி ஊற்றி ஒரு ஸ்பூன் பவுடரைப் போடுங்கள். உடனே நுரைத்துக்கொண்டு விளிம்புவரை பொங்கினால் நல்லது. சோம்பலாக நான்கு குமிழி விட்டு அடியில் படிந்தால், டப்பாவில் தேதி எவ்வளவு தூரம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: அளவு கப் செட் வாங்குவதா, தராசு வாங்குவதா?

பதில்: தராசு. கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. கப் என்பது எந்த நாட்டுக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. ஒரே கப்பில்கூட, மைதாவை ஸ்பூனால் தூவி நிரப்பினால் 120 கிராம் வாக்கில் இருக்கும், டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 150வரை போகும். மூன்று கப் போடும்போது கிட்டத்தட்ட நூறு கிராம் வித்தியாசம். போன வாரம் பஞ்சு மாதிரி வந்தது இந்த வாரம் செங்கல்லாக வருவது இப்படித்தான். பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக அதிலேயே கொட்டலாம் என்பதால் கழுவ வேண்டிய சாமானும் குறையும். சோடா, பவுடர், உப்பு போன்ற சின்ன அளவுகளுக்கு மட்டும் அளவு ஸ்பூன் செட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

டின் அளவிலும் இதே ஏமாற்றம் உண்டு. 8 அங்குல வட்ட டின்னுக்குப் பதில் 9 அங்குலத்தில் ஊற்றினால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும், கேக் தட்டையாகிக் காய்ந்தும் போகும். 9 அங்குல வட்டம் இல்லையென்றால் 8 அங்குலச் சதுர டின் இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் பரப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

கேள்வி: வெண்ணெய் என்று நினைத்து வாங்கியது வெண்ணெயே இல்லை என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சாக்லேட்டிலும் இப்படி உண்டாமே? பாக்கெட்டைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் வாக்குமூலம். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததில் முடியும். அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

வெண்ணெய் என்றால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பட்டியலில் தாவர எண்ணெய் இருந்தால் அது மார்ஜரின் அல்லது ஸ்ப்ரெட். மார்ஜரினில் பிஸ்கட் செய்யலாம், வடிவமும் நிற்கும், மணம்தான் இருக்காது. கொழுப்பு குறைந்த ஸ்ப்ரெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சாக்லேட்டில் “காம்பவுண்ட்” என்று எழுதியிருந்தால் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு என்று அர்த்தம். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன், உருக்கி ஊற்றினால் எளிதாக உறையும், அலங்காரத்துக்கு வசதி. ஆனால் நாக்கில் கரைவது வேறு மாதிரி. கேக்குக்குள் போடுவதற்கு நான் நல்ல சாக்லேட்டைத்தான் வாங்குவேன், இல்லாவிட்டால் கோகோ பவுடரே போதும். அதிலும் இரண்டு வகை. புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது கருத்து, மென்மையாக இருக்கும், இதைத்தான் டச்சு கோகோ என்பார்கள். சாதாரண கோகோவில் புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பை நம்பிச் சமையல் சோடா மட்டும் போடச் சொல்லும் குறிப்பில் டச்சு கோகோவைப் போட்டால் கேக் சரியாக எழும்பாது, சோடா வாடையும் அடிக்கும். குறிப்பில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

வனிலாவில் கஞ்சத்தனம் பண்ணலாம். அதன் மணத்துக்கு முக்கியக் காரணமான வெனிலினைச் செயற்கையாகத் தயாரிக்க 1874இலேயே ஜெர்மனியில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சூட்டில் வேகும் கேக்கில் செயற்கை எசென்ஸ் போதும். நிஜ வனிலாக் காயிலிருந்து எடுத்த நல்ல எக்ஸ்ட்ராக்டைக் கிரீம், கஸ்டர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

கேள்வி: சிலிகான் அச்சு நல்லதா?

பதில்: கப் கேக்குக்கு நல்லது. பெரிய கேக்குக்கு வேண்டாம், ஓரம் சிவக்காது, தூக்கும்போது வளைந்து மாவு சிந்தும்.

கேள்வி: தள்ளுபடி நேரத்தில் மைதா, கோதுமை மாவு, பாதாம், முந்திரி, ஈஸ்ட் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வைத்தால் லாபம்தானே?

பதில்: சர்க்கரைக்கு லாபம். கொட்டை வகைகளுக்கு, ஃப்ரீசரில் இடம் இருந்தால் லாபம். இல்லாவிட்டால் அவற்றின் எண்ணெய் சிக்குப் பிடித்து, ஒரே ஒரு கெட்ட பருப்பு முழுக் கேக்கையும் கசக்க வைக்கும். வாங்கும்போது ஒன்றை மென்று பாருங்கள். முழுக் கோதுமை மாவும் அப்படித்தான், முளைப்பகுதியின் எண்ணெய் அதில் இருப்பதால் மைதாவைவிடச் சீக்கிரம் வாடை வரும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈஸ்ட்டைச் சின்னப் பாக்கெட்டாகவே வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் மாவை வீணாக்காதீர்கள். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு!

செய்த ரொட்டி மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே இருப்பதைவிட அந்தக் குளிரில்தான் சீக்கிரம் விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்கள்.

கேள்வி: மின்சாரம், வெண்ணெய், முட்டை எல்லாம் சேர்த்தால் கடையில் வாங்குவதே மலிவு என்கிறார் கணவர். உண்மையா?

பதில்: ரொட்டி, சாதா பிஸ்கட் என்றால் உங்கள் பக்கம்தான் வெற்றி. கிரீம் அலங்காரக் கேக் என்றால் அவர் சொல்வதற்கும் நியாயம் உண்டு. மின்சாரம் பெரிய செலவில்லை. 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான், நடுநடுவே அணைவதால் அதற்கும் குறைவு. ஒரு தடவை சூடேற்றினால் வரிசையாக இரண்டு மூன்று வேலை முடித்துக்கொள்ளுங்கள். கேக் இறங்கியதும் பிஸ்கட், அது இறங்கியதும் அணைத்துவிட்டு மிச்சச் சூட்டில் ரொட்டித் தூள் காயவைக்கலாம்.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பழம் மலிந்து கிடக்கும் வாரத்தில், கனிந்து யாரும் தொடாமல் கிடக்கும் நாலு பழத்தை மசித்துக் கேக்காக்கினால் அது அன்றைக்கே தீர்ந்துவிடும். கடைக் கேக் பெட்டியில் வரும். இதற்காக யாரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருப்பது செலவா வரவா என்பதை உங்கள் கணவரே சொல்லட்டும்.

கேள்வி: கேக் மாவு கரைத்த பாத்திரத்தைப் பேரன் வழித்து நக்குகிறான். தடுத்தால் அழுகிறான். விடலாமா?

பதில்: விடாதீர்கள். பச்சை முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பச்சை மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தானியத்தை அரைப்பதால் கிருமி சாவதில்லை, வேக வேண்டும். மாவுப் பாத்திரத்தை உடனே தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் குழைத்த கிரீம் பாத்திரத்தை அவனிடம் கொடுங்கள். கரண்டியோடு.