எதை எண்ணினார்கள்?

கேள்வி: எங்கள் வீட்டில் எண்களால் நிம்மதி போய்விட்டது. அமெரிக்காவில் ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் 2 கோடிக்கு மேல் என்கிறார் என் மைத்துனர். 1 கோடியே 10 லட்சம்தான் என்கிறேன் நான். இருவர் கையிலும் அச்சில் வந்த ஆதாரம் இருக்கிறது. அது ஓய்ந்தால் ஏ.சி. சண்டை. 24 டிகிரிக்கு மேல் வைத்தால் இருக்க முடியாது என்கிறார் அவர். 28 போதும் என்று விஞ்ஞானமே சொல்கிறது என்கிறேன் நான். இந்தச் சத்தம் பொறுக்காமல் 74 வயதான என் மாமியார் மாடி அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். யார் சொல்வது சரி? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். இருவரும் சொல்லும் நான்கு எண்களுக்குப் பின்னாலும் யாரோ உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எதை எண்ணினார்கள், எங்கே நின்று அளந்தார்கள் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

முதலில் உங்கள் எண். 1 கோடியே 10 லட்சம் என்பது தலை எண்ணி வந்ததன்று, கழித்து வந்தது. ஆவணமில்லாதவர்களை எந்த அரசும் வரிசையில் நிறுத்தி எண்ணிவிட முடியாது. கண்ணில் படாமல் இருப்பதே அவர்களுக்குப் பிழைப்பு. ஆகவே, கணக்கெடுப்பில் பதிவான வெளிநாட்டில் பிறந்தோர் மொத்தத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சட்டப்படி வந்தவர்களின் தொகையைக் கழிக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டியபோது திறக்காதவர்களுக்காக ஒரு பங்கைக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இப்படித்தான் 2022ஆம் ஆண்டுக்கு உங்கள் எண்ணைத் தந்தது. அதே மையம் 2023க்குத் தந்த மதிப்பீடு 1 கோடியே 40 லட்சம். அதை நீங்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டீர்களா? அந்த 1 கோடியே 40 லட்சத்திலும் 60 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு, வெளியேற்றப்படாமல் காக்கும் ஏதோ ஒரு தற்காலிக அனுமதியோ நிலுவையிலுள்ள அடைக்கல மனுவோ இருந்தது. அவர்களைச் சட்டவிரோதக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பதிலேயே பாதி வழக்கு அடங்கியிருக்கிறது.

இனி உங்கள் மைத்துனர். அவர் சொல்வது, அமெரிக்காவின் யேல், எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2018இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்திருக்க வேண்டும். அவர்கள் கழிக்கவில்லை. ஆண்டுதோறும் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று கூட்டிக்கொண்டே வந்து சுமார் 2 கோடியே 20 லட்சம் என்றார்கள். ஆனால் 1 கோடியே 60 லட்சம் முதல் 2 கோடியே 90 லட்சம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இத்தனை அகலமான வீச்சிலிருந்து நடு எண்ணை மட்டும் உருவியெடுத்துச் சண்டைக்குக் கொண்டுவருவது நேர்மை ஆகாது. இன்னொன்றும் உண்டு. 1990களில் மெக்சிகோக்காரர்கள் பலர் வேலைக்காலத்தில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பியவர்களைக் குறைத்து மதிப்பிட்டால், அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் குழாயிலிருந்து விழுந்த நீரை மட்டும் கூட்டியது போல ஆகிவிடும். பிழை ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அந்தக் கட்டுரையை மறுத்தவர்களின் முக்கியமான வாதம் இதுதான். பின்னால் எல்லைக் காவல் இறுகியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது என்று அஞ்சி, போய்வந்துகொண்டிருந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நுழைவைத் தடுக்கப் போட்ட வேலி, உள்ளே இருப்போரின் தொகையைக் கூட்டியது.

இருப்போரை எண்ணுவதே இப்படியென்றால், நுழைவோரை எண்ணுவதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். 2015. துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகில் ஓர் இளைஞன் கிரேக்கத் தீவில் இறங்குகிறான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருக்கிறது. அவனைப் பதிவு செய்கிறார்கள்: ஒன்று. அங்கிருந்து மாசிடோனியா, செர்பியா வழியாக நடக்கிறான். அவை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. ஹங்கேரி எல்லையில் மறுபடி ஒன்றியத்துக்குள் காலெடுத்து வைக்கிறான். அங்கே இன்னொரு பதிவு: இரண்டு. அதே காலணி, அதே தோள்பை. ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸ் அந்த ஆண்டுக்குச் சொன்ன கணக்கு 18 லட்சத்துக்கு மேல். அது எல்லை கடந்த தடவைகளின் கணக்கு. கடல்வழியே வந்தவர்கள் சுமார் 10 லட்சம் என்றது ஐ.நா. அகதிகள் ஆணையம். ஒரே ஆளை இரண்டு இடத்தில் பதிவு செய்திருக்கலாம் என்று ஃப்ரான்டெக்ஸே விளக்கமும் தந்தது. ஆனால் 18 லட்சம் போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் விளக்கம் போய்ச் சேரவில்லை. அமெரிக்க எல்லையிலும் இதே கதைதான். 2020 மார்ச் முதல் 2023 மே வரை, கொள்ளைநோயைக் காரணம் காட்டி, பிடிபட்டவர்களை வழக்கில்லாமல் உடனே திருப்பி அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் பலர் மீண்டும் முயன்றார்கள். மூன்று முறை பிடிபட்டால் மூன்று.

ஓரடி நகராமலேயே கணக்கிலிருந்து மறைந்தவர்களும் உண்டு. 2007 ஜனவரி 1 அன்று ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆவணமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த அந்த நாட்டவர்கள் முதல் நாள் இரவு முறைகேடானவர்களாகத் தூங்கினார்கள், மறுநாள் ஒன்றியக் குடிமக்களாக எழுந்தார்கள்.

உங்கள் இரண்டு சண்டைகளும் சந்திக்கும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். 2022 ஜூன் 27, டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ. நகரின் விளிம்பில் ஒரு சரக்கு லாரி நின்றது. எல்லை தாண்டி வந்தவர்களை அதன் பெட்டிக்குள் அடைத்து ஏற்றி வந்திருந்தார்கள். வெளியே கொளுத்தும் கோடை. பெட்டியின் குளிரூட்டி வேலை செய்யவில்லை. 53 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்த 53இல் உத்தேசம் கிடையாது, வீச்சு கிடையாது. உடல் உடலாக எண்ணியது. 2 கோடியா 1 கோடியா என்று வரவேற்பறையில் குரல் உயர்த்தும்போது நீங்கள் இருவரும் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பது ஒரு கணமாவது நினைவில் வருகிறதா?

சரி, டிகிரிக்கு வருகிறேன். 24ஆ 28ஆ என்பது பாதிக் கேள்வி. உடல் இதமாக உணர்வதற்கு ஆறு காரணங்கள் உண்டு என்று டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970இல் வகுத்துவைத்தார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர் கூரைகளிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றோட்டம், உடை, உடலுழைப்பு. உங்கள் ரிமோட்டில் தெரிவது இவற்றில் ஒன்றே ஒன்று. அதுவும் ஏ.சி. அருகே உணரப்படும் வெப்பம், கட்டிலில் படுத்திருப்பவருடையதன்று. எல்லாம் கச்சிதமாக அமைந்த அறையிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஒத்துவராது என்று ஃபாங்கரின் கணக்கே சொல்கிறது. அலுவலகங்களில் பயன்படும் அளவுகோலில் உடலுழைப்பின் அளவு 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவரை வைத்துக் கணித்தது. பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அது கூட்டிக் காட்டிவிடுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அலுவலகத்தில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் குறை சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

28 என்று நீங்கள் சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய சுமார் 21,000 பதிவுகளை டி டியர், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1998இல் அலசினார்கள். வெளியே வெயில் ஏற ஏற, மனிதர்கள் இதமென்று ஏற்கும் வெப்பமும் ஏறுவதைக் கண்டார்கள். வெளிச் சராசரி 30 டிகிரி என்றால், அவர்களுடைய சூத்திரப்படி உள்ளே 27ஐ ஒட்டி இதம். அதற்கு மேலும் மூன்றரை டிகிரி வரை நூற்றுக்கு எண்பது பேர் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் இந்தச் சூத்திரம் ஏ.சி. இல்லாமல் இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டடங்களுக்கு உரியது; அங்கே இருந்தவர்கள் ஜன்னலைத் தாங்களே திறக்கலாம், மெல்லிய உடைக்கு மாறலாம், லேசான வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள். இந்த நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு, ‘விஞ்ஞானமே சொல்கிறது’ என்று எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த எண்பதுக்கு வெளியே இருக்கும் இருபது பேர் யார் என்றும் கேட்கவில்லை.

இதம் வேறு, ஆபத்து வேறு. கத்தார் 2021இல் கொண்டுவந்த விதியில், கோடையில் காலை 10 முதல் மாலை 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் ஒரு குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அங்கே வெயிலில் நிற்பவர்கள் பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘28 போதும்’ என்ற வாக்கியத்துக்கு அவர்களிடம் அர்த்தமே இல்லை.

கடைசியாக உங்கள் மாமியார். கேள்வியில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். மகனும் மருமகனும் கீழே டிகிரிக்குச் சண்டை போட, அவர் மாடிக்குப் போகிறார். நாளெல்லாம் வெயில் குடித்த கூரை இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். சுவரும் கூரையும் சுட்டால் உடல் உணர்வது காற்றின் வெப்பத்தை மட்டும் அன்று, ஏறக்குறைய இரண்டின் சராசரியை. அந்த வயதில் வியர்வை குறைவு. தாகம் தாமதமாகத்தான் தெரியும். சூடேறியிருப்பதே உடலுக்குப் புரியாமல் போகலாம். கடும் வெப்பக் காலத்தில் அறையைப் பகலில் 32க்கும் இரவில் 24க்கும் கீழே வைக்கப் பாருங்கள், குழந்தைகளுக்கும் 60 கடந்தவர்களுக்கும் இது மிக முக்கியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் மைத்துனர் பிடித்துக்கொண்டிருக்கும் 24 அவருடைய அம்மாவுக்கு உரியது. அம்மாவோ வேறு அறையில் இருக்கிறார்.

இன்று இரவு பத்து மணிக்கு ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு இருவருமாக மாடிக்குப் போங்கள். அவர் தலைமாட்டில் அரைமணி நேரம் வைத்துப் படியுங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு அவருடைய படுக்கையைக் கீழே கொண்டுவந்து, எத்தனையில் வைக்கட்டும் என்று அவரிடம் கேளுங்கள்.