ரிபேட் செக்குக்குக் காத்திருக்கலாமா?

கோத்தகிரி நண்பரே, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் 630 டாலர் லேப்டாப்பை வாங்குவதா, 700 டாலருக்கு வாங்கி 100 டாலர் ரிபேட் (வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் செக்காகத் திரும்ப வரும் தள்ளுபடி) பெறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 630 டாலர் லேப்டாப்பையே வாங்கச் சொல்லுங்கள். 700 கொடுத்து, 100 டாலர் ரிபேட்டுக்குத் தபால் அனுப்பிக் காத்திருப்பது, அடுத்த மாதம் டெக்சாஸை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பும் உங்கள் அண்ணனுக்குச் சரிப்படாது.

30 டாலர் லாபம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவு தேறாது. விற்பனை வரியை 700க்குத்தான் போடுவார்கள். பிறகு தபாலில் வரும் 100ஐக் கழிக்க மாட்டார்கள். 8.25 சதவீதம் என்றால் வரி வித்தியாசமே ஏறக்குறைய 6 டாலர். மிச்சம் 24.

அந்த 24க்கு எவ்வளவு பாடு! பெட்டியிலுள்ள பார்கோடை வெட்டி, ரசீதும் படிவமும் சேர்த்து, கெடு தேதிக்குள் தபால் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். பார்கோடை வெட்டிவிட்டால் பெரும்பாலும் கடையில் லேப்டாப்பைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். செக் வரச் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம், அதுவும் அமெரிக்க முகவரிக்கு. அண்ணன் அப்போது இங்கே டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருப்பார்.

என் மச்சானுக்கு இதுதான் நடந்தது. காலி செய்த வீட்டுக்குச் செக் போய், நண்பர் ஒருவர் எடுத்துவைத்து, குன்னூர் வந்து சேர்வதற்குள் அதில் போட்டிருந்த 90 நாள் கெடு முடிந்துவிட்டது. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

அப்புறம், எதை வாங்கினாலும் வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். செல்லாவிட்டால், பழுதாகும்போது கோயம்புத்தூருக்கு இறங்கிக் கைக்காசு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.