பழைய ஆங்கிலச் சொற்கள்: தெரிந்த சொல்லில்தான் கவனம் தேவை

கேள்வி: என் மகள் இளங்கலை ஆங்கில இலக்கியம் முதலாமாண்டு படிக்கிறாள். பாடத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் சில பகுதிகளும் இருக்கின்றன. தௌ, தீ, ஹாத், விதர் போன்ற சொற்களில் வரிக்கு வரி தடுக்கி நிற்கிறாள். பழஞ்சொற்களைப் பொருளோடு பட்டியலிட்டு மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: பட்டியல் ஓரளவுக்குத்தான் உதவும். அறியாத சொல் எதிர்ப்பட்டால் உங்கள் மகள் அகராதியைப் புரட்டிவிடுவார். நன்கு அறிந்த சொல்லே வேறு பொருளில் வரும்போது, ஐயம் எழாததால், தவறாகப் புரிந்துகொண்டு கடந்துவிடுவார். அதிகக் கவனம் அங்கேதான் வேண்டும்.

முதலில் தௌ, தீ ஆகியவற்றைப் பார்ப்போம். இவற்றைத் தமிழர் எளிதில் பிடித்துக்கொள்ளலாம், ஏனெனில் ஆங்கிலம் இழந்துவிட்ட 'நீ', 'நீங்கள்' வேறுபாடு நம்மிடம் இன்றும் இருக்கிறது. தௌ என்பது 'நீ'. தீ என்பது 'உன்னை', 'உனக்கு'. தை, தைன் இரண்டும் 'உன்', 'உன்னுடைய'. யீ என்பது 'நீங்கள்'. 'உங்களை' என்ற பொருளுக்கு யூ. தௌ வந்தால் வினைச்சொல் ஆர்ட், ஹாஸ்ட், டஸ்ட் என 'ஸ்ட்' அல்லது 'ட்' ஒலியில் முடியும். ஹாத், டத் என 'த்' ஒலியில் முடிபவை அவன், அவள், அதற்கு உரியவை.

நாடகத்தில் ஒரு பாத்திரம் திடீரென்று யூவை விட்டுத் தௌவுக்கு மாறினால் அங்கே நெருக்கமோ சினமோ ஏளனமோ தலைகாட்டுகிறது. 1603இல் சர் வால்டர் ராலேமீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய சர் எட்வர்ட் கோக் அவரைத் துரோகி என்று ஏசி, உன்னைத் தௌ என்றே அழைக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்; ஒரு பெருமகனாரை மன்றத்தில் ஏகவசனத்தில் விளித்ததே அவமதிப்பாகும். விவிலியத்தில் இந்த மரியாதைக் கணக்கு இல்லை. கடவுளும் அங்கே தௌதான். ஒருமை, பன்மை மட்டுமே பார்க்கப்படும். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் சாத்தான் புடைக்கக் கேட்டது சீடர் எல்லோரையும் என்பதும், இயேசு வேண்டிக்கொண்டது சீமோன் ஒருவருக்காக என்பதும் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் யூ, தீ என்ற இரு சொற்களாலேயே தெளிவாகிவிடும். இக்கால ஆங்கிலத்தில் இரண்டிற்கும் யூ ஒன்றுதான். தமிழ் விவிலியத்தில் 'உங்களை', 'உனக்காக' என்று அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

இடச்சொற்களுக்கு நம் சுட்டெழுத்து, வினாவெழுத்துப் பாடமே போதும். இ, அ, எ என்பவற்றால் இங்கு, அங்கு, எங்கு என்று நாம் அமைப்பதைப் போலவே ஹிதர், திதர், விதர் என்பவை 'இவ்விடத்துக்கு', 'அவ்விடத்துக்கு', 'எவ்விடத்துக்கு' என்றும், ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்பவை 'இங்கிருந்து', 'அங்கிருந்து', 'எங்கிருந்து' என்றும் பொருள்படும். ஆறு சொற்களையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

இனி ஏமாற்றும் சொற்கள். 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று ஜூலியட் கேட்பதை 'எங்கே இருக்கிறாய்' என்று எண்ணிக்கொள்பவர் பலர். வேர்ஃபோர் என்பதற்கு 'ஏன்' என்றே பொருள். காதலனை அவள் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பெயரைத் தாங்கி ஏன் பிறந்தாய் என்று வருந்துகிறாள். இது பிடிபடாவிட்டால், பெயரில் என்ன இருக்கிறது என்று அவள் தொடர்ந்து பேசுவது ஒட்டாமல் போகும்.

அடுத்தது லெட். ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடர்கையில், தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். அங்கே அதற்கு 'தடு' என்று பொருள். 'விடு', 'தடு' என்ற இருபொருளும் தொடக்கத்தில் இரு வேறு சொற்களுக்கு உரியவை. காலப்போக்கில் அவை ஒரே வடிவம் பெற்றன. தடுத்தல் என்ற பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது: இந்தியக் கடவுச்சீட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிடப்பட்டுள்ள வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வருவதை மகளிடம் காட்டுங்கள், பிறகு மறக்கமாட்டார்.

சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்று இயேசு சொல்லும்போது அது 'துன்புறு' அன்று, 'அனுமதி'. பிரிவென்ட் அக்காலத்தில் 'முந்திச் செல்', கான்வர்சேஷன் 'நடத்தை', பிரசன்ட்லி 'உடனடியாக'. குவிக் என்பது 'உயிருள்ள' என்று பொருள்பட்டதால்தான், உயிருள்ளது போல் ஓடும் பாதரசத்துக்குக் குவிக்சில்வர் என்ற பெயர் வந்தது. மீட் என்பது இறைச்சியை மட்டுமன்றி எல்லா உணவையும் குறித்தது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் செடிகொடிகளும் கனிகளும் மனிதனுக்கு மீட் ஆகும் என்பது அதனால்தான், தமிழிலும் அங்கே 'ஆகாரம்' என்றே இருக்கிறது.

தேர்வில் இந்த நடையைப் 'பழைய ஆங்கிலம்' என்று எழுத வேண்டாம். அப்பெயர் மொழியியலில் ஏறத்தாழ 1100க்கு முந்தைய ஆங்கிலத்துக்கு உரியது. ஷேக்ஸ்பியருடையது தொடக்க நவீன ஆங்கிலம்.

அகராதியில், மாணவர் பதிப்புகள் பெரும்பாலும் இக்காலப் பொருளையே முதலில் தரும். கல்லூரி நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி இருந்தால் அதையே நாடச் சொல்லுங்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அதன் முதற்பதிப்பிலிருந்தே, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள்கள் இருக்கின்றன. வழக்கொழிந்த பொருளுக்குச் சிறு குத்துவாள் குறி இட்டிருக்கும். வாக்கியம் நெருடும் இடத்தில், சொல் தெரிந்ததாகவே இருந்தாலும், 1590 முதல் 1611 வரையிலான மேற்கோள்கள் எந்தப் பொருளின்கீழ் உள்ளன என்று பார்த்து, அந்தப் பொருளை வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.