பழைய சுவரும் புதுச் சிமென்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைமையான தெருவில் உள்ள எங்கள் வீட்டின் செங்கல் சுவருக்குச் சிமென்ட் பூசினோம். இப்போது முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. இன்னும் கெட்டியாகப் பூசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிக்கலே சிமென்ட்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களில் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைப்பதால் ஈரம் மேலும் மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும்போது செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும்.

முதலில் சுவரோரம் மழைநீர் தேங்குகிறதா, தெரு உயர்ந்து வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பூச்சில் கைவைப்பது வீண். பிறகு, ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு அரை மீட்டர் மேல் வரை சிமென்டை உளியால் எடுங்கள். இயந்திரம் வைத்து உடைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். செங்கல் இடுக்குகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போகும். சில மாதங்கள் சுவர் காயட்டும். பலரும் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான்.

புதுப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத மணல் 3 பங்கு. ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் தூள் சேர்த்தால் நன்றாக இறுகும். ஒரு தடவைக்கு 1 செ.மீ. கனத்துக்கு மேல் பூசினால் வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது உலராமல் காக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடி பழைய கதைதான்.

கேள்வி: பழைய தெருவில் புது வீடு கட்டினால் பழைய தூண், வளைவுகளை அப்படியே வைக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நினைவுச் சின்னங்களில் தவிர்க்க முடியாமல் சேர்க்கும் வேலை இக்காலத்தது என்று தெரிய வேண்டும் என்கிறது பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் சர்வதேச வெனிஸ் சாசனம். பாரிஸின் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் 1989-இல் திறந்த கண்ணாடிப் பிரமிடு பழையதைப்போல வேஷம் போடவில்லை. கூரை விளிம்பின் உயரம், சன்னலின் நீள அகல விகிதம், முகப்புக் கோடு மூன்றும் பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போனால் எஃகும் கண்ணாடியும் உறுத்தாது. சிமென்டில் வார்த்த போலித் தூண்தான் உறுத்தும்.

கேள்வி: பழைய வீட்டை ஒட்டி கான்கிரீட் அறை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் சுவரோடு சுவர் பிணைக்காதீர்கள். புதுக்கட்டடம் முதல் சில ஆண்டுகளில் கொஞ்சம் இறங்கும்; பிணைத்திருந்தால் பழைய சுவர் விரிசல் விடும். சுமார் 25 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே தகடு மூடி, அதன் ஒரு பக்கத்தை மட்டும் பொருத்துங்கள். தோண்டும் முன் பழைய அஸ்திவாரத்தின் ஆழத்தை ஓரிடத்தில் திறந்து பாருங்கள். புதுப் பள்ளம் அதைவிட ஆழமென்றால் கட்டமைப்புப் பொறியாளரின் மேற்பார்வையில், ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி நிரப்ப வேண்டும்.